கடை என்றால் என்ன?

வங்கி, அஞ்சலகம், பெரிய ஜவுளிக்கடை என எங்கே போனாலும் சுவரில் ஒரு பலகை இருக்கும். வாடிக்கையாளரே நமக்கு முதன்மையானவர், அவரால்தான் நாம் பிழைக்கிறோம் என்ற பொருளில் நாலைந்து வரிகள் எழுதியிருப்பார்கள். வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கும் இதுதான் முதல் பாடம். முகம் கொடுத்துப் பேசு, காக்க வைக்காதே, குறை சொன்னால் காது கொடுத்துக் கேள், அப்போதுதான் வந்தவர் மறுபடி வருவார் என்று சொல்லித் தருகிறார்கள். சரியான பாடம்தான். ஆனால் நம் கிராமத்துக் கடைவீதியில் நின்று அதைப் படித்தால் ஒரு கேள்வி எழுகிறது. கடைக்கு வருகிற எல்லோரையும் இந்த ஊர் வாடிக்கையாளர் என்று ஒப்புக்கொள்கிறதா?

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தின்பண்டம் வாங்கக் காசோடு பெட்டிக்கடைக்கு வந்தார்கள் பட்டியல் சாதிக் குழந்தைகள். உங்கள் தெருக்காரர்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அது காணொளியாகப் பரவி நாடே பார்த்தது. கடைக்காரரோடு ஊர்ப் பொறுப்பில் இருந்தவரும் கைது செய்யப்பட்டார். கடைக்கு முத்திரை வைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தக் காணொளியில் அடிதடி இல்லை, ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தைகூட இல்லை. அப்படியிருந்தும் பார்த்தவர்களுக்கு நெஞ்சு கனத்தது. காரணம் அந்தக் குழந்தைகளின் முகம். கையில் காசு இருக்கிறது, கண்ணெதிரே பண்டம் இருக்கிறது, ஏன் கிடைக்காது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்கிற வயது அது.

நூறு ஆண்டுக் கணக்கு

இந்தச் சண்டை புதிதல்ல. 1924ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணச் சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவல் நடக்கும் இடங்கள் ஆகியவற்றுக்குள் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் தடையின்றிச் செல்லலாம் என்பது அதன் சாரம். அவை அதை ஏற்றது, அரசாணையும் வந்தது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது.

அதன் பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15(2)ஆம் பிரிவு, சாதி முதலிய காரணங்களைக் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றுக்குள் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளின் பட்டியலில் பெட்டிக்கடைக்கும் டீக்கடைக்கும் இடம் கிடைத்தது என்றால், அந்த இடங்களில் நம் முன்னோர் எவ்வளவு பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு ஏற்கப்பட்டதும் அதே நாளில்தான். கடை என்ற சொல் எதையெல்லாம் குறிக்கும் என்று உறுப்பினர்கள் விளக்கம் கேட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் அளித்த பதில் ஒவ்வொரு மாணவரும் மனத்தில் வைக்க வேண்டியது. கடை என்பதைக் குறுகிய பொருளில் எடுக்கக் கூடாது, தேடி வருகிற எவருக்கும் சேவை தர உரிமையாளர் ஆயத்தமாக இருக்கிற இடம்தான் கடை என்று அவர் விளக்கினார். உள்ளே நுழைய விட்டால் மட்டும் போதாது, மற்றவர்களுக்குக் கிடைக்கும் சேவை அவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

அண்ணல் இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது சாத்தாராவில் முடிவெட்டுகிறவர்கள் இருந்தார்கள். கூலி கொடுக்க அவர் வீட்டில் பணமும் இருந்தது. ஆனாலும் எவரும் அவர்களுக்கு வெட்டிவிட மாட்டார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்காதான் முடிவெட்டினார், துணியும் வெளுத்தார். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தன் நினைவுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். காசு இருந்தால் சாதி மறைந்துவிடும் என்று இன்றும் நம்புகிறவர்கள் அந்தச் சிறிய நூலை ஒருமுறை வாசிக்கட்டும்.

மறுப்பு இப்போது எப்படி வருகிறது?

சட்டம் வந்துவிட்டதால் உனக்குக் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இன்று குறைவு. சொன்னால் வழக்கு வரும் என்பது தெரியும். அதனால் மறுப்பு வேறு உருவம் எடுத்திருக்கிறது.

முதலாவது, காக்க வைப்பது. கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். பின்னால் வந்தவர் சாமான் வாங்கிக்கொண்டு போகிறார், அதற்கும் பின்னால் வந்தவரும் போகிறார். காலனியிலிருந்து வந்த அம்மா மட்டும் ஓரமாக நிற்கிறார். கேட்டால், கவனிக்கலையே என்பார்கள்.

இரண்டாவது, கூப்பிடும் விதம். மற்றவர்களுக்கு வாங்க அண்ணாச்சி, என்னக்கா வேணும் என்று உறவு சொல்லும் அதே வாய், அறுபது வயதுப் பெரியவரைப் பார்த்து என்னடா வேணும் என்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவனுக்கு அதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. பார்த்தே கற்றுக்கொள்கிறான்.

மூன்றாவது, கொடுக்கும் விதம். சிலருக்குக் கண்ணாடித் தம்ளர், சிலருக்குக் காகிதக் கப். சிலருக்குப் பெஞ்சு, சிலருக்குத் திண்ணைக்கு வெளியே தரை. மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைப்பார்கள், சில இடங்களில் எறிவார்கள். இரட்டைக் குவளை பழங்கதை என்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டிக் கொடுமையை விசாரிக்கப் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் நேரில் போனபோது, அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது தெரிய வந்து கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் அந்தக் குவளைகள் இன்னும் எத்தனை ஆண்டு அங்கேயே தொங்கியிருக்கும்?

நான்காவது, சாக்கு. சலூனுக்குப் போனால் இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக்கு வா. மண்டபம் கேட்டால் அந்தத் தேதியில் முன்பதிவு ஆகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னால் அந்தப் பக்கம் வண்டி வராது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சாதாரணக் காரணம்தான். ஒரே தெருக்காரர்களுக்கு மட்டும் வருடம் முழுக்க அதே காரணம் என்றால் அதற்குப் பெயர் வேறு.

தப்பித்துப் போகிறவர்களும் போக முடியாதவர்களும்

இதற்கெல்லாம் நம் மக்கள் கண்ட பதில், டவுனுக்குப் போவது. சூப்பர் மார்க்கெட்டில் பொருளை நாமே எடுக்கிறோம். பில் போடும் இயந்திரம் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கியூஆர் கோடு வந்த பிறகு சில்லறையை எறியும் வேலையும் பல இடங்களில் நின்றுவிட்டது. 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனால் மிச்சமாகும் ரூபாயை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். உள்ளூர்க் கடையில் தலைகுனிந்து நிற்காமல் டவுன் கடையில் தலைநிமிர்ந்து சாமான் வாங்க அந்தப் பேருந்து பல பெண்களுக்கு வழியானதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் இது பாதி விடுதலைதான். கியூஆர் கோடு காசைத் தொடாமல் வாங்கிக்கொள்ளும் வசதியையும் கடைக்காரருக்குச் சேர்த்தே கொடுத்திருக்கிறது. இணையத்தில் பொருள் கேட்டாலும் முகவரியில் காலனி என்று எழுதியதும் நாம் யார் என்பது தெரிந்துவிடுகிறது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்ததன் அருமை, அந்த முகவரியில் குடியிருப்பவர்களுக்குத்தான் புரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் கடன். டவுன் சூப்பர் மார்க்கெட்டில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி தர மாட்டார்கள். வேலை இல்லாத மாதத்தில், நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறாத வாரத்தில், உள்ளூர் மளிகைக் கடையின் பற்று நோட்டுதான் அடுப்பெரிய வைக்கிறது. பற்று இருக்கும் கடையில் ஏன் என்னை நிற்க வைத்தாய் என்று கேட்க முடியாது. கேட்டால் அடுத்த வேளைக்குச் சாமான் வராது. ஆக, மாதச் சம்பளமும் இருசக்கர வண்டியும் இருப்பவர் அவமதிப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். கூலிக்காரர், முதியவர், கணவரை இழந்த பெண், பள்ளிக் குழந்தை ஆகியோர் அங்கேயே நிற்கிறார்கள். பாஞ்சாங்குளத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் குழந்தைகள் என்பதை மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

நல்ல சேவை என்பது வசதி படைத்தவர் கேட்கும் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். வேறு கடைக்குப் போக வழியில்லாதவருக்குத்தான் இருக்கும் ஒரே கடை ஒழுங்காக நடந்துகொள்வது மிகமிக அவசியம். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கடைக்குப் போகிறோம். கோயில் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை, தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நீயும் நானும் சமமா என்ற கேள்விக்குத் தினமும் விடை கிடைக்கிற இடம் கடைதான்.

கடைக்காரர் பக்கமும் பார்ப்போம்

எல்லாக் கடைக்காரர்களும் மனத்தில் வன்மத்தோடு இருக்கிறார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஊரில் பெரும்பான்மையாக இருப்பவர்கள், அவர்களுக்கு வெட்டினால் நாங்கள் வர மாட்டோம் என்று மிரட்டினால், சலூன் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அவரும் பெரும்பாலும் சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்தான். வாடகை கட்ட வேண்டும், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும். அவருடைய அச்சம் உண்மையானது.

ஆனால் அச்சம் உண்மை என்பதால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. மிரட்டியவர்கள் யார் என்பதையும் சட்டம் கேட்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் செய்வதையும், செய்யப்போவதாக மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. அதனால் கடைக்காரரே முன்வந்து, என்னை இப்படிச் செய்யச் சொல்கிறார்கள் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவருக்குப் பாதுகாப்புத் தருவது காவல்துறையின் பொறுப்பு. நம் இளைஞர்களும் அவரை முதல் எதிரியாக்காமல், கட்டுப்பாடு போட்டவர்களை நோக்கி விரல் நீட்ட வேண்டும்.

கல்லாவின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம்மவர் ஒருவர் டீக்கடையோ இட்லிக் கடையோ வைத்தால் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் வந்து சாப்பிடுகிறார்கள்? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் பிரச்சினை செய்து, அது வழக்கானது. வாங்கப் போனாலும் தடை, விற்கப் போனாலும் தடை. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

எந்தச் சட்டம், எந்தக் கதவு?

சாதாரண நுகர்வோருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எடை குறைவு, காலாவதியான பொருள், அச்சிட்ட விலைக்கு மேல் வசூல், பில் தர மறுப்பது போன்றவற்றுக்கு 1915 என்ற எண்ணில் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவை தொடர்பான மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் பொருளை வாங்கியவருக்கானது. வாங்கவே விடாதவருக்கு வேறு கதவு உண்டு.

ஒன்று, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமையைக் காரணம் காட்டிப் பொருள் விற்கவோ சேவை தரவோ மறுப்பது அதன் 6ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் கொடுக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் அளவுகோல். மாணவர்கள் இந்த மூன்றையும் கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். அதே நேரத்தில் கொடுத்தாரா? அதே இடத்தில் கொடுத்தாரா? அதே விதமாகக் கொடுத்தாரா? அவர் எல்லோரிடமும் அப்படித்தான் எரிந்து விழுவார் என்று யாராவது சமாதானம் சொன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள். எல்லோரிடமும் எரிந்து விழுகிறவர் கெட்ட வியாபாரி. ஒரு தெருக்காரர்களிடம் மட்டும் எரிந்து விழுகிறவர் குற்றவாளி ஆகலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையால்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த் தரப்புக்கு.

மற்றொன்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. கடைக்குள் வரவிடாமல் தடுப்பதும், பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் இதன்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை கிடைக்கும். முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. விசாரித்துவிட்டுப் பதிகிறோம், ஒரு வாரம் கழித்து வா என்று நிலையத்தில் சொன்னால் இந்தத் திருத்தத்தை எடுத்துச் சொல்லுங்கள். விசாரணை நடத்த வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி.

புகார் கொடுக்கும்போது தேதி, நேரம், கடையின் பெயர், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். கைபேசியில் பணம் செலுத்திய பதிவு நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்ததற்குச் சான்று. புகாருக்கு ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான எண் 15100.

அரசு நடத்தும் கடை

தனியார் கடையைச் சொல்லும்போது நியாய விலைக் கடையை விட்டுவிட முடியாது. ஊரிலேயே மிகப் பெரும்பாலானோர் போகும் கடை அதுதான். பல கிராமங்களில் அது ஊர்த் தெருவில் இருக்கிறது. காலனி மக்கள் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்கிறார்கள். வரிசை ஒன்றாக இருக்கிறதா, மூட்டையின் அடியில் மிஞ்சிய உடைந்த அரிசி யாருக்குப் போகிறது, சரக்கு வந்த செய்தி எந்தத் தெருவுக்கு முதலில் போகிறது என்று பார்க்க வேண்டியது அரசின் கடமை. இங்கே எடை போடுகிறவர் அரசின் பொது விநியோகத் திட்டத்துக்காக வேலை செய்கிறவர். குறை இருந்தால் 1967 என்ற எண்ணில் சொல்லலாம். தூரம் அதிகமுள்ள குடியிருப்புகளுக்குப் பகுதிநேரக் கடை கேட்டு மனுக் கொடுக்கவும் வழி உண்டு.

சட்டத்தை நாம் தேடிப் போவது ஒருபுறம் இருக்கட்டும். நிர்வாகம் தானே முன்வந்து செய்ய வேண்டியதும் உண்டு. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் வழக்கு எண்களை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், டீக்கடை, சலூன், மண்டபம், நியாய விலைக் கடை ஆகியவற்றில் முன்னறிவிப்பு இல்லாமல் பார்த்துவந்த அறிக்கையையும் வைக்கட்டும். உணவுக் கடைக்குச் சுத்தம் பார்க்கப் போகும் அதிகாரி, தம்ளர் கழுவியிருக்கிறதா என்று பார்க்கிறார். எத்தனை வகைத் தம்ளர் இருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆண்டுதோறும் ஜனவரி 30 அன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். கை நீட்டிச் சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடிக்கிறோம். இந்த முறை மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். அந்த டீக்கடையில் யாருக்கு எதில் கொடுக்கிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். எங்கள் ஊராட்சியில் உள்ள எல்லாக் கடைகளும் எல்லோருக்கும் ஒரே விதமாகச் சேவை தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அதை எதிர்த்துக் கை தூக்குகிறவர்கள் யார் என்று ஊர் பார்க்கட்டும், பதிவேட்டிலும் ஏறட்டும்.